யாருடைய சம்பளம்?
ஏழ்மை வார்த்தைப்பாடு பற்றிச் சில குறிப்புகள்

1

பாகலூர் பஸ் நிறுத்தத்தில் காலை ஐந்தரை மணிக்கு நின்றால் மூன்று வகையான பெண்களைப் பார்க்கலாம். பசுமைக்குடில்களில் ரோஜா பறிக்கப் போகிறவர்கள். பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். அரூர், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள், இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும். மூன்றாவதாக, எப்போதாவது, ஓசூர் பஸ்ஸுக்கோ மாலூர் பஸ்ஸுக்கோ கைப்பையோடு காத்திருக்கும் ஒன்றிரண்டு கன்னியாஸ்திரீகள். மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மாத முடிவில் வருகிற பணம் இவர்கள் கையில் தங்குவதில்லை.

இதை எனக்குச் சொல்லித் தந்தது எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் அல்ல. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "நாங்களும் சிஸ்டருங்க மாதிரிதான்க்கா. ஒம்பது மணிக்கு கேட் பூட்டிடுவாங்க. போன் பேச நேரம், குளிக்க நேரம், வெளிய போக லெட்டர். ஒரே வித்தியாசம், அவங்க கேட்டு வாங்கிக்கிட்டாங்க. எங்களுக்கு போர்டுல எழுதி மாட்டியிருக்கு." கொஞ்சம் பொறுத்து, "அவங்களுக்கு சம்பளம் உண்டாக்கா? யாருக்குப் போவும்?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பத்து வருஷம் கன்னியர் பள்ளியில் படித்தவள் நான். ஒருநாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

கத்தோலிக்கத் துறவற சபைகளைப் பற்றி நம் சூழலில் இரண்டே பேச்சுக்கள்தான் உண்டு. ஒன்று, 'சேவை': பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழுநோயாளர் இல்லம். மற்றது, 'மதமாற்றச் சதி.' இரண்டும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் இரண்டுமே கட்டிடங்களைத்தான் பார்க்கின்றன. கட்டிடத்துக்குள் வேலை செய்கிற உடலை இரண்டுமே பார்ப்பதில்லை. ஒரு துறவற சபையை அதன் நிறுவனங்களிலிருந்து தொடங்காமல் அதன் வார்த்தைப்பாட்டிலிருந்து, அதாவது உழைப்பு பற்றிய ஒரு ஒப்பந்தமாக, வாசித்துப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். எடுத்துக்கொள்ளும் சபை: மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை. நம் ஊர்களில் எப்.எம்.எம். சிஸ்டர்கள். இரண்டு காரணம். ஒன்று, இது ஐரோப்பாவிலிருந்து பெட்டியில் வந்திறங்கிய சபை அல்ல. தமிழ்நாட்டில், ஊட்டியில் பிறந்தது. இரண்டு, அந்த ஹாஸ்டல் பெண் கேட்ட அதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் தலைப்பில் இச்சபையின் பெயர்தான் இருக்கிறது.

2

எலன் தெ ஷாப்போட்டின் 1839இல் பிரான்சின் நாந்த் நகரில் மேட்டுக்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். 1864இல் மரி ரெபரத்ரிஸ் என்ற சபையில் சேர்ந்தார். துறவறப் பெயர், பாடுகளின் மரியா. அடுத்த வருஷமே மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார். மதுரை மிஷன் அப்போது சேசு சபைக் குருக்களின் கையில் இருந்தது. ஆண் மிஷனரிகள் நுழைய முடியாத வீட்டின் உள்கட்டுக்குள் பெண்கள் போக வேண்டும், உள்ளூர்க் கன்னியரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டே ஆண்டில் அங்கிருந்த மடங்கள் அனைத்துக்கும் தலைவியானார்.

பிறகு பூசல். யார் பக்கம் நியாயம் என்று இன்று தீர்ப்பெழுத வேண்டியதில்லை. நடந்தது இதுதான்: 1876இல் அவரையும் சேர்த்து இருபது பெண்கள் தங்கள் சபையை விட்டுப் பிரிந்து ஊட்டிக்குப் போய்விட்டார்கள். 1877 ஜனவரி 6இல் ரோம் அவர்களைப் புதிய சபையாக ஏற்றது. 1882இல் பிரான்சிஸ்கன் மரபோடு இணைந்தார்கள். 1883இல் தலைமைப் பொறுப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டார். மறு ஆண்டே விசாரணைக்குப் பின் திரும்ப அமர்த்தப்பட்டார். 1904இல் இறந்தார். 2002இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் தந்தது.

இந்த வரலாற்றை மடங்களில் 'தெய்வ சித்தம்' என்று வாசிப்பார்கள். நாம் வேறு மாதிரி வாசிக்கலாம். கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாகக் கொடுத்த இருபது பெண்கள் ஒரு ஏற்பாட்டுக்கு உடன்பட மறுத்து வெளியேறினார்கள். அந்த வெளியேற்றத்துக்குப் பின்னால் சட்ட அங்கீகாரம் வாங்கினார்கள். கீழ்ப்படிதலைப் போதிக்கிற ஒரு சபையின் பிறப்பே ஒரு வெளிநடப்பில் நிகழ்ந்திருக்கிறது. சபைகளின் வரலாற்றில் இது புதிதல்ல. ஏற்கனவே இருக்கும் மடம் வசதியாகிவிட்டது, எளியவர்களை விட்டு விலகிவிட்டது என்று யாரோ சிலர் எழுந்து போவதில்தான் புதிய சபைகள் பல பிறந்திருக்கின்றன. பிறந்த பின் அவையும் அந்த எழுந்துபோதலை மறந்து கீழ்ப்படிதலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றன.

எப்.எம்.எம். சபையின் ஆரம்ப வேலைகளில் பள்ளி, மருத்துவத்தோடு பெண்களுக்கான தையல், பூவேலைப் பட்டறைகளும் இருந்தன. பெண்ணுக்குக் கையில் ஒரு தொழில், அதில் ஒரு கூலி. அந்தக் கூலியைக் கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கோ தனக்கென்று ஒரு கூலி கிடையாது. ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இரண்டு வகை உழைப்பு.

3

இங்கே 'பிரான்சிஸ்கன்' என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். 1223இல் போப் அங்கீகரித்த பிரான்சிஸின் ஒழுங்குவிதி, சகோதரர்கள் காசைக் கையால் வாங்கக்கூடாது என்றது. சரி, அப்படியானால் அவர்கள் தின்கிற ரொட்டி, உடுத்துகிற துணி, படுக்கிற கூரை யாருடையது? பதிமூன்றாம் நூற்றாண்டின் சட்டவாதிகளைத் திணறடித்த கேள்வி இது. பிரான்சிஸ்கன்கள் சொன்ன பதில்: நாங்கள் பயன்படுத்துகிறோம், உடைமையாளர்கள் அல்ல. 1279இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் இதை ஏற்று, உடைமை திருச்சபைக்கு, பயன்பாடு மட்டும் சகோதரர்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். 1322, 1323இல் போப் இருபத்திரண்டாம் யோவான் இதை உடைத்தார். தின்று தீர்க்கிற பொருளில் பயன்பாட்டை உடைமையிலிருந்து எப்படிப் பிரிப்பாய் என்பது அவர் வாதம். இயேசுவும் சீடர்களும் எதையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வதே தப்பறை என்று அறிவித்தார்.

இத்தாலியத் தத்துவவாதி ஜியார்ஜியோ அகம்பென் 2011இல் வெளியிட்ட தன் நூலில் இந்த விவாதத்துக்குத் திரும்பிப் போகிறார். உடைமை என்ற சட்டச் சொல்லாடலுக்கு வெளியே ஒரு வாழ்க்கை சாத்தியமா என்று பார்த்த முயற்சியாக அதை வாசிக்கிறார். ஏழ்மை என்பது இந்த அர்த்தத்தில் கஞ்சத்தனமோ தியாகப் பெருமையோ அல்ல. 'என்னுடையது' என்ற சொல் இல்லாமல் வாழ முடியுமா என்ற சோதனை.

ஆனால் சோதனை நிறுவனமாகும்போது என்ன ஆகிறது? 1983இல் திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதியைப் பாருங்கள். துறவி தன் உழைப்பால் ஈட்டுவது எதுவோ, அது சபைக்கு. இது நாம் எதிர்பார்ப்பதுதான். 702ஆம் விதிதான் நம்மை நிறுத்துகிறது. சபையைவிட்டு வெளியேறுகிறவர், அங்கே செய்த வேலைக்காக எதையும் கோர முடியாது. சபை அவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று அடுத்த வரி சொல்கிறது. வேலைக்கு உரிமை இல்லை, அன்பு உண்டு. பண்ணையாள் உறவின் மொழியும் இதுதான் என்பது கீழ்த்தஞ்சை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'என்னுடையது' என்ற சொல்லைத் துறப்பது ஒருவர். 'எங்களுடையது' என்ற சொல் அதே இடத்தில் வளர்ந்து நிற்கிறது. நிலம், கட்டிடம், பள்ளி, கல்லூரி எல்லாம் சபையுடையது. தனி ஏழ்மையின் மேல் எழுப்பப்பட்ட கூட்டுச் சொத்து. வார்த்தைப்பாட்டின் முரண் இங்கேதான் இருக்கிறது, தனித்தனிச் சிஸ்டர்களின் நேர்மையில் அல்ல.

4

இனி அந்த வழக்கு. அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேலை பார்க்கிற கன்னியருக்கும் குருக்களுக்கும் அரசு சம்பளம் தருகிறது. வார்த்தைப்பாட்டின்படி அது சபைக்குப் போகிறது. 1944ஆம் வருஷத்துச் சுற்றறிக்கையில் தொடங்கி, இதற்கு வருமானவரிப் பிடித்தம் கிடையாது என்ற வழக்கம் நீண்டகாலம் இருந்தது. 2014-15 வாக்கில் வரித்துறை பிடித்தம் செய்யச் சொன்னது. சபைகள் நீதிமன்றம் போயின. சென்னையில் தனி நீதிபதி சபைகளின் பக்கம் நின்றார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. மேல்முறையீடுகள் 93. 2024 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது.

சபைகள் வைத்த வாதம் கவனத்துக்குரியது. வார்த்தைப்பாடு எடுத்தவர் 'சிவில் மரணம்' அடைந்தவர். அவருக்குச் சொத்து கிடையாது, பெற்றோர் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. செத்தவர் எப்படிச் சம்பாதிப்பார்? அதனால் வருமானம் சபையுடையது. நீதிமன்றங்களின் பதில் எளிமையானது. சம்பளம் வேலை செய்தவருக்குத் தரப்படுகிறது. வரி அங்கே விழுகிறது. அதன் பிறகு அதைச் சபைக்குக் கொடுக்கிறாரா, ஏழைக்குக் கொடுக்கிறாரா என்பது அவர் தன் வருமானத்தைச் செலவழிக்கிற விதம். திருச்சபைச் சட்டம் வருமானவரிச் சட்டத்தை மாற்றாது. எழுநூறு வருஷத்துக்கு முன் இருபத்திரண்டாம் யோவான் சொன்னதை நம் நீதிமன்றங்கள் வேறு மொழியில் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கைக்கு வந்ததென்றால் உன்னுடையதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மான்ட்ஃபோர்ட் சபைச் சகோதரர் ஒருவர் விபத்தில் இறந்தார். நஷ்டஈடு யாருக்கு? அவர் குடும்பத்தை விட்டவர், சம்பளத்தைச் சபைக்குத் தந்தவர், ஆகவே சபையே நஷ்டஈடு கேட்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, நஷ்டஈடு தரும்போது வார்த்தைப்பாட்டைச் சட்டம் பார்க்கிறது. வரி வாங்கும்போது பார்ப்பதில்லை. அரசு துறவியைத் தனிமனிதராகக் 'கண்டுபிடிப்பது' கல்லாப்பெட்டி பக்கத்தில்தான்.

ஆனால் அரசைக் கிண்டல் செய்துவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. ஏனென்றால் அந்தத் தீர்ப்பு, விரும்பியோ விரும்பாமலோ, ஒரு உண்மையைச் சொல்லிவிட்டது. அந்த வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவர் உயிரோடுதான் இருக்கிறார். அவர் ஒரு தொழிலாளி. சபையின் வாதத்தில் அவர் பிணம். தீர்ப்பில்தான் அவருக்கு ஒரு பெயரும் ஒரு கணக்கு எண்ணும் கிடைக்கின்றன. பெண்ணுரிமை பேசுகிற நாம் இந்த இடத்தில் 'செத்தவர்' என்ற வாதத்தின் பக்கம் நிற்க முடியுமா? என்னால் முடியவில்லை.

இந்தக் குரல் உள்ளேயிருந்தும் வந்திருக்கிறது. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' தலித் தன்வரலாறு என்ற வகைக்குள் வைத்தே பெரும்பாலும் வாசிக்கப்பட்டது. அதை ஏழ்மை வார்த்தைப்பாடு பற்றிய விமர்சன நூலாகவும் வாசிக்கலாம். தலித் குழந்தைகளுக்காக உழைக்கப் போன ஒரு பெண், மடத்துக்குள் வசதியையும் சாதியையும் பார்க்கிறாள். ஏழ்மை என்ற சொல்லை உச்சரிக்கிற வாய்களுக்கு ஏழைகளைத் தெரியவில்லை என்று காண்கிறாள். வெளியேறுகிறாள். வெளியே வேலையும் இருப்பிடமும் இல்லாமல் தத்தளிக்கிறாள். 702ஆம் விதி ஒரு உடலின்மேல் எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிவு தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

சபைகளின் உள்ளமைப்பே வேலைப் பிரிவினையைச் சுமந்துகொண்டுதான் வந்தது. படித்த, சீதனம் கொண்டுவந்த கன்னியர் ஒரு தட்டு; அடுக்களை, தோட்டம், துணி வெளுப்பு பார்க்கிற கன்னியர் ஒரு தட்டு. ஐரோப்பியப் பெண் சபைகள் பலவற்றில் இது சாதாரணம். இந்தத் தட்டுக்களை ஒன்றாக்கச் சொல்லி இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆணையிட்டது 1965இல்தான். நம் ஊரில் அந்தப் பிரிவினை சாதியோடு ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் இடிந்ததே 1910இல்.

5

திரும்பவும் பாகலூர். ஃபூக்கோ, மடத்தின் கால அட்டவணை எப்படிப் பள்ளிக்கும் பட்டறைக்கும் படைமுகாமுக்கும் போய்ச் சேர்ந்தது என்று காட்டினார். மாக்ஸ் வேபர், மடத்தின் அறைக்குள்ளிருந்த துறவு ஒழுக்கம் தொழில் வாழ்க்கைக்குள் வந்து முதலாளியத்துக்கு உதவியதைப் பேசினார். இவர்கள் சொன்னதை ஓசூர் வட்டாரத்தில் புத்தகமில்லாமலே பார்க்கலாம். 1970களில் சிப்காட் வந்தது. தொடர்ந்து வந்த வாகன ஆலைகள் ஆண் தொழிலாளியை, சங்கத்தை, ஸ்ட்ரைக்கைத் தெரிந்துகொண்டன. மின்னணு ஆலைகள் இன்று தேடுவது வேறு ஒரு உடலை. இளம் பெண், ஹாஸ்டலில் தங்குபவள், வீட்டுக்குப் பணம் அனுப்புபவள், எதிர்த்துப் பேசாதவள். ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் பேசியது ஞாபகமிருக்கலாம். ஓசூர் அருகே அமையும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதலில் வருகிற 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கற்பு, கீழ்ப்படிதல், ஏழ்மை. மடம் வார்த்தைப்பாடாகக் கேட்பதை முதலாளி ஹாஸ்டல் விதியாக எழுதி மாட்டுகிறார். கோவை, திண்டுக்கல் நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' இதற்கு முன்னோடி. மூன்று வருஷம் மில் விடுதிக்குள் இரு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். நடுவில் போனால் அந்தப் பணம் சிக்கல். திரும்பவும் 702ஆம் விதி, இம்முறை அன்பு என்ற அடுத்த வரிகூட இல்லாமல்.

வித்தியாசம் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஹாஸ்டல் பெண் சொன்னதுதான் வித்தியாசம்: அவங்க கேட்டு வாங்கிக்கிட்டாங்க. தன் உழைப்பைத் தானே, தெரிந்தே, ஒரு காரியத்துக்காகக் கொடுத்துவிடுகிற உரிமை மனிதருக்கு உண்டு. அதை மறுத்தால் இயக்கங்களின் முழுநேர ஊழியர்களை நாம் எந்தக் கணக்கில் வைப்போம்? ஆனால் கொடுக்கப்பட்ட உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கிற உரிமை, கொடுத்தவருக்கும் நமக்கும் உண்டு. வார்த்தைப்பாட்டின் அர்த்தம் அது எடுக்கப்பட்ட நாளில் முடிவதில்லை. அதன் உழைப்பு யார் பக்கம் போய் விழுகிறது என்பதில் தினமும் தீர்மானிக்கப்படுகிறது.

இதற்கு உதாரணம் ஐபோன் ஆலைக்குப் பெண்கள் வருகிற அதே ராஞ்சியில் இருக்கிறது. 1885இல் சோட்டா நாக்பூருக்குப் போன பெல்ஜிய சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஆதிவாசிகளின் நில வழக்குகளுக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெருகியதும் அதனால்தான் என்ற விமர்சனம் உண்டு, இருக்கட்டும். நூறு வருஷம் கழித்து, திருச்சி மாவட்டத்தில் 1937இல் பிறந்த இன்னொரு சேசு சபைக் குரு, ஸ்டேன் சுவாமி, பெங்களூரில் இந்தியச் சமூக நிறுவனத்தை நடத்திவிட்டு அதே ஆதிவாசிகளிடம் போனார். நிலம், காடு, விசாரணைக் கைதிகளாக அடைபட்ட இளைஞர்கள். 2020 அக்டோபர் 8இல் கைது, 2021 ஜூலை 5இல் காவலில் இருக்கும்போதே மரணம். வயது 84. ஜாமீன் மனு நிலுவையில் இருந்தது. அவரும் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்தான். சிவில் மரணம் அடைந்த ஒரு கிழவரைப் பார்த்து அரசு ஏன் அவ்வளவு பயந்தது? சொத்து சேர்க்கிற ஏழ்மையைக் கண்டு அரசுக்குப் பயமில்லை. வரியைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடும். 'என்னுடையது' இல்லாதவர் பிறருடைய நிலத்தை 'அவர்களுடையது' என்று சொல்லத் தொடங்கும்போதுதான் பிரச்சனை.

6

ஆகவே சில கோரிக்கைகள், சபைகளுக்கும் நமக்கும்.

வரிவிலக்குக்காகப் போராடியது தவறான போராட்டம். தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, அடுத்த அடியாகச் சபைகள் தங்கள் கணக்கைத் திறந்து வைக்கட்டும். எத்தனை சிஸ்டர்களின் உழைப்பு, எவ்வளவு பணம், எந்தக் கட்டிடம், அதில் யார் பிள்ளைகள் படிக்கிறார்கள்? பிரான்சிஸின் பெயரைச் சூட்டிக்கொண்டவர்களுக்கு இது கஷ்டமான கேள்வியாக இருக்கக்கூடாது.

வெளியேறுகிற பெண்ணுக்கு 702ஆம் விதியின் 'அன்பு' போதாது. செய்த வருஷங்களுக்கு ஒரு கணக்கு வேண்டும், வைப்புநிதி போல ஒன்று. 1876இல் மதுரையிலிருந்து ஊட்டிக்கு எழுந்து போன இருபது பெண்களை ஸ்தாபகர்கள் என்று கொண்டாடுகிற சபை, இன்று எழுந்து போகிற ஒருத்தியை ஓடிப்போனவள் என்று பேசக்கூடாது.

மூன்றாவது நமக்கு. பெங்களூரிலிருந்து ஓசூர் வரை எத்தனையோ சபைகளின் பயிற்சி இல்லங்கள். அங்கே மெய்யியல் படிக்கிற இளம் துறவிகளோடு இயக்கத் தோழர்கள் பேசுவதே இல்லை. 'மடம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஹாஸ்டல் பெண்களுக்குச் சங்கம் வைக்கப் போகும்போது யார் நம்மோடு வருவார்கள்? இந்தி, சந்தாளி, முண்டாரி தெரிந்தவர்கள், கேட்டுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை நிற்கத் தயங்காதவர்கள், கம்பெனியில் வேலை போய்விடும் என்ற பயமில்லாதவர்கள். இந்தத் தகுதிகள் ஒரு துறவிக்கு இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு ஆங்கில வழிப் பள்ளியைவிட இந்த எல்லைக்கு அந்த வேலைதான் தேவை.

அந்த அரூர்ப் பெண்ணிடம் அடுத்த முறை பார்த்தபோது பதில் சொன்னேன். சிஸ்டர்களுக்கும் சம்பளம் உண்டு, அது சபைக்குப் போகும், இப்போது வரியும் பிடிப்பார்கள் என்று. "சரி, வெளிய வந்தா என்னக்கா குடுப்பாங்க?" என்றாள். சட்டப்படி ஒன்றுமில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். "எங்களுக்காச்சும் பி.எப். வரும்க்கா" என்றாள். பிறகு, வராதவர்கள் இரண்டு பேரின் பெயரைச் சொல்லி, அவர்களுக்கு யாரிடம் எழுதிப்போட வேண்டும் என்று கேட்டாள்.